எந்தத் தோள் என்று சொல்லாத அண்ணா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முன்னும் பின்னும் திருப்பி, "நம்மைப் பற்றி ஏதாவது எழுதிவைத்திருக்கிறானா?" என்று தேடினீர்களானால், நீங்கள் எங்கள் அண்ணாவுக்கு நெருங்கிய உறவுதான். அவரும் அப்படித்தான் தேடியிருப்பார். அவர் ஆசாரியன் திருவடி அடைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. எழுத உட்கார்ந்தால், பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கிறாரோ என்று எனக்குக் கை தயங்குகிறது.

அண்ணா பிறந்தது முசிறியில், அம்மாவின் பிறந்தகத்தில். வளர்ந்ததெல்லாம் ஸ்ரீரங்கம் உத்தர வீதி. பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமப்பது எங்கள் வம்சத்தின் கைங்கர்யம். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், மீசை அரும்பும் வயதிலேயே அண்ணா தண்டுக்கு அடியில் தோள் கொடுத்தார். என்னைப் படிக்க வைத்ததும் தங்கைகளை நல்ல இடத்தில் கொடுத்ததும் அந்தத் தோள்தான்.

அவருடைய குணங்களில் தலையாயது சந்தேகம். பால் கறக்கும்போது சொம்புக்குள் எட்டிப் பார்ப்பார். ஜட்காக்காரர் சந்தில் திரும்பினால் போதும், "எங்கே ஓட்டிண்டு போறே?" என்று எழுந்து நிற்பார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் காபியை முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார். "பார்த்துண்டே இருடா" என்பதுதான் அவர் எனக்குச் செய்த ஒரே உபதேசம். சும்மா சொல்லக்கூடாது, அவர் இருந்தவரை எங்கள் வீட்டை யாரும் ஏமாற்றியதில்லை.

இப்படிப்பட்டவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாசி மாதம் அது. புறப்பாட்டில் பல்லக்கு அண்ணா இருந்த பக்கம் சற்றே சாய்ந்தது. குடை பிடித்தவர் கவனித்துவிட்டார். பங்குனியில் பெருமாள் காவிரி மணலைக் கடந்து உறையூருக்கு எழுந்தருள வேண்டும். அதற்குள் சரியாகாவிட்டால் முன் தண்டில் அண்ணாவின் இடம் எங்கள் சித்தப்பா பிள்ளைக்குப் போய்விடும் என்று பேச்சு கிளம்பியது. கைவிட்டுப் போன இடம் திரும்பி வருமா என்ன? அண்ணாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்தப்பா பிள்ளையோ தினம் வாசலில் வந்து நிற்பார். "அண்ணா, தோள் எப்படி இருக்கு?"

"இடது தோள்தானே, லேசாப் பிடிச்சிண்டிருக்கு. தண்டு என்னவோ வலது தோள்லதான். அதுக்கென்ன இப்போ?" என்பார் அண்ணா. வந்தவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்புவார். "பார்த்தியாடா? அளவெடுக்க வரான்."

இடது தோள் என்று ஊரெல்லாம் சொன்னார். தம் மனைவியான எங்கள் மன்னியிடமும் அதையேதான் சொன்னார். மன்னி அந்த இடது தோளுக்கே தைலம் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்து போனார். கூடப் பிறந்த எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னாரா? ஊஹூம்.

திருச்சிராப்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் வாழைக்காய் மண்டி வைத்திருந்த நண்பர்தான் வழி சொன்னார். "கோட்டைப் பக்கம் ஒரு பயில்வான் பாய் இருக்காருங்க. ஆழமா அமுக்கி உருவி விட்டாருன்னா எந்தப் பிடிப்பும் விட்டுடும். எங்க மூட்டை தூக்குறவங்க எல்லாம் அவர்கிட்டதான். நம்ம மண்டிக்கே வரச் சொல்றேன், வாங்க."

அண்ணா, சித்தப்பா பிள்ளைக்கும் அந்தப் பாய்க்கும் பழக்கம் உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்தார். அப்படியும் நம்பிக்கை வராமல், என்னைக் காவலுக்கு அழைத்துக்கொண்டு போனார். "அவன் கையையே பார்த்துண்டிரு."

பாய் லேசுப்பட்டவர் அல்லர். குஸ்தியில் உடைந்த மூக்கு, வாய் ஓயாத பெருமை. ஒரு ஜமீன்தாரின் குதிரைக்குக் கழுத்துப் பிடிப்பைத் தாமே எடுத்ததாகச் சொன்னார். அந்தக் குதிரைக் கதையை நான் இன்றுவரை நம்பவில்லை. அவர் எண்ணெய்ப் புட்டியைத் திறந்ததும் அண்ணா மூக்கைச் சுருக்கினார். அதில் ஏதாவது கொழுப்புச் சேர்த்திருப்பார்களோ என்று பயம். துணிப் பையிலிருந்து தம்முடைய மூக்கு வைத்த நல்லெண்ணெய்க் கிண்டியை எடுத்து வைத்தார்.

"என் எண்ணெயையே நம்பலேன்னா என் கையை எப்படி நம்புவீங்க சாமி?" என்றார் பாய். அவருக்கும் சந்தேகம். எண்ணெய்ப் பக்குவத்தைத் தெரிந்துகொள்ள யாரோ எங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். புட்டியை இறுக மூடிவிட்டு, "சரி, எந்தத் தோள்?" என்று கேட்டார்.

"இடது" என்றார் அண்ணா, கண் இமைக்காமல். மண்டி ஆட்கள் காதில் விழுந்தால் ஸ்ரீரங்கத்துக்குச் செய்தி போய்விடுமே!

பாய் நம்பி, இடது தோளை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். மறுநாள் காலையில் அந்தத் தோள் முழுக்க ரணமாய் வலித்தது. வலது தோள் இருந்தபடியே இருந்தது. "நன்னா இருந்த ஒண்ணையும் கெடுத்துட்டானேடா பாவி!" என்று சண்டைக்குக் கிளம்பினார்.

மண்டியில் பாய் அண்ணாவை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு கையையும் தூக்குங்க சாமி" என்றார். இடது கை முனகிக்கொண்டே மேலே போனது. வலது கை காது உயரத்திலேயே நின்றுவிட்டது. பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"பொய் சொல்லி வைத்தியம் பாக்க வந்தீங்களா? நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? எந்த இடம், எவ்வளவு வலி, எப்போ தாங்கலேன்னு நீங்க வாயைத் திறந்து சொல்லணும். சொல்லலேன்னா இது வைத்தியமே இல்லீங்க, அடி."

அண்ணா மேல்துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளியே இரு" என்றார்.

என்னைப் போய்! காவலுக்கு வந்தவனையே வெளியே தள்ளினால் வேறென்ன செய்வது? வாழைத்தார்களுக்கு நடுவே நின்று கதவில் காதை வைத்தேன். எனக்கும் அதே ரத்தம்தானே. அண்ணா காட்டிய இடம் எனக்குத் தெரியவில்லை. பாயின் குரல் மட்டும் கேட்டது.

"மொதல்ல மேலாக்க எண்ணெய் ஓடணும். தோல் சூடாகி, சதை இளகினப்புறம்தான் உள்ள இறங்கணும். மூச்சை விடுங்க... நீங்க விடுறப்போ நான் இறங்குறேன். அவசரப்பட்டா சதை முறுக்கிக்கும். இது சுகமான வலியா, சுருக்குன்னு குத்துற வலியா? குத்தினா சொல்லிடுங்க, கையை எடுத்துடுறேன். எலும்பு மேல அமுக்க மாட்டேன். காய்ச்சல், வீக்கம்னா கையே வைக்க மாட்டேன். இன்னிக்கு பாரம் தூக்காதீங்க. வெந்நீர் குடிங்க. நாளைக்குக் கொஞ்சம் வலிக்கும், அது போயிடும். எலும்பு தேஞ்சிருந்தா மட்டும் என்னால ஆகாது, இப்பவே சொல்லிட்டேன்."

ஆசாரத்துக்காகக் காவிரியில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் முங்கி எழுந்துதான் வீடு சேர்ந்தோம். அதற்குப் பிறகும் சில தடவை போனார். ஒரு காலை, முற்றத்தில் நின்று வலக்கையை மேலே கொண்டுபோய்த் தாமே குடுமியை அள்ளி முடிந்துகொண்டார். அதைப் பார்த்த மன்னி உள்ளே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தத் தோள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்று அண்ணா வெகு நாளைக்குப் பிறகு அசந்து தூங்கினார்.

குணமாக்கியது பாயின் கையா, வெந்நீரா, பாரம் தூக்காமல் இருந்த ஓய்வா என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணாவே கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம எண்ணெய் நல்ல எண்ணெய்டா" என்பார். ஆனாலும் ஒவ்வொரு பங்குனிக்கு முன்பும், கிண்டியும் கையுமாக மண்டிக்குப் போகத் தவறவில்லை.

அந்த ஆண்டு பெருமாள் அண்ணாவின் தோளில்தான் காவிரி மணலைக் கடந்தார். பல்லக்கு சாயவில்லை. சித்தப்பா பிள்ளை வழிநெடுக ஒட்டியே நடந்து வந்தார். தாங்கிப் பிடிக்க வந்தாரா, தடுக்கி விழுவார் என்று காத்திருந்தாரா? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசி நாட்களில் அண்ணாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே வலிக்கறது அண்ணா?" என்று வழக்கம்போல் கேட்டேன். பதில் வராது என்று தெரியும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கையைப் பிடித்து இழுத்து, வலது தோளின் பின்பக்கம், எலும்புக்குக் கீழே ஓர் இடத்தில் வைத்தார்.

"இங்கேதான்டா. அப்போலேர்ந்து இங்கேதான்."

பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. காய்ச்சலில் அமுக்கக் கூடாது. கையை வெறுமனே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணா கண்ணை மூடியபடியே, "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். இதோ, அச்சில் போட்டுவிட்டேன். அண்ணா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அல்லும் பகலும் பணிவிடை செய்த மன்னிக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், பதின்மூன்று நாளும் துணை நின்ற வீதியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மண்டி நண்பருக்கு நன்றி. செய்தி கேட்டுப் பாலத்தைக் கடந்து வந்து, தெருமுனையிலேயே நின்று தலைகுனிந்துவிட்டுப் போன பாய்க்கும் நன்றி.

ஒருவர் பாக்கி. அண்ணாவின் கடைசிப் புறப்பாட்டில், யாரும் சொல்லாமலே முன்னால் வந்து தோள் கொடுத்தவர் சித்தப்பா பிள்ளை. நான் கொள்ளிடக் கரைவரை அவர் தோளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பார்த்துண்டேதான் வந்தேன், அண்ணா. சாயவே இல்லை.