கீழ்வீட்டிலிருந்து வந்த தாளம்

எக்ஸ்ரே அறையில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் எப்பேர்ப்பட்ட ஆளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பான். அவளுடைய வலது கை மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

வெளிநாடு போன தம்பி விட்டுச்சென்ற கிதாரில் ரெகே என்ற ஜமைக்கா இசையை வாசிக்க வேண்டும் என்று நாற்பத்தாறு வயதில் ஆசை வந்துவிட்டது. தாளம் விழும்போது கை சும்மா இருக்க வேண்டும். இரண்டு தட்டுக்கு நடுவே கம்பிகளை நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டி, உடனே இடக்கை விரல்களைத் தளர்த்திச் சத்தத்தை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். அவளோ ஒவ்வொரு தட்டின் மேலேயே போய் விழுந்தாள்.

"வெங்காயம் நறுக்குற மாதிரி இருக்கும்மா," என்றாள் மகள்.

நான்காம் நாள் பிற்பகலில் கீழ்வீட்டுக்காரர் பொறுமையிழந்தார். ஓய்வுபெற்ற ரயில் கார்டு. பகல் தூக்கம் அவருக்கு உயிர். ஒட்டடைக்கம்பை எடுத்துத் தலைக்கு மேலே கூரையில் இடித்தார். டொம். டொம். டொம். கடிகாரம் தோற்றுவிடும், அப்படி ஓர் ஒழுங்கு.

பதறிக் கையை எடுத்தவள், அடுத்த இடிக்கு முன்னால் தன்னையறியாமல் ஒரு வெட்டு வெட்டினாள். டொம், சக். டொம், சக். சரியாக நடுவில்!

அதன்பின் அவள் செய்தது அப்பட்டமான அயோக்கியத்தனம். தினமும் மூன்றரை மணிக்கு வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று கம்பிகளைப் பிறாண்டுவாள். கீழே இடி தொடங்கியதும் நல்ல பிள்ளையாகத் தாளத்துக்கு வந்துவிடுவாள்.

பத்தாம் நாள் இடி நின்றது. எவ்வளவு பிறாண்டியும் கீழே சத்தமே இல்லை. மனிதருக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று படியிறங்கி ஓடினாள். கதவைத் திறந்தவர் அவரேதான்.

"உடம்பு சரியில்லையா சார்?"

"ஏன்மா, நான் இடிக்கலைன்னா உனக்கு வரலையோ?"

அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

"இடிக்க ஆரம்பிச்ச மூணாம் நாளே. நான் வேகமா இடிச்சா நீயும் வேகமா வர்ற. சரி, எது வரைக்கும் போறன்னு பாத்தேன்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

"கட்டில் பூரா சுண்ணாம்பு. வீட்டம்மா கம்பைப் பிடுங்கி ஒளிச்சு வச்சுட்டா."

இப்போது சனிக்கிழமைகளில் அவர் மேலே வந்து சாப்பாட்டு மேசையைத் தட்டுகிறார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு தட்டை விழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல ஜன்னலைப் பார்ப்பார். முதல் மாதமெல்லாம் அவள் தடுமாறினாள். இப்போது அந்த வெற்றிடத்தையும் தாண்டிச் சரியாக வெட்டிவிட்டு, "தூக்கமா சார்?" என்று கேட்கிறாள்.