'ஏழேகால்' குழுவின் தாளக்காரி

மூன்றாவது தடவையாக அதே பேக்கரியைக் கடந்துபோகிறாள் ரக்னா எக்கெரோத். சிநேகிதி வீட்டில் ஆறு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். மணி ஐந்து ஐம்பத்து மூன்று. முன்னாலேயே போய் மணியடித்தால் அநாகரிகம், பிந்திப் போனால் அதைவிட அநாகரிகம். அதனால் கையில் பூங்கொத்தோடு தெருவைச் சுற்றுகிறாள். ஆறு மணிக்குச் சரியாக அவள் விரல் அழைப்புமணியின் மேல் இருக்கும். சுவீடனில் இந்த நொர்ஷெப்பிங் ஊரே இப்படித்தான் என்றாலும் ரக்னா ஊரைவிட ஒரு படி மேல்.

பகலில் மஞ்சள் டிராம் ஓட்டுகிறாள். சாயங்காலம் ஜாஸ் குழுவில் டிரம்ஸ். இருபத்தாறு வயது, ஒல்லி உடம்பு. சிக்னலில் டிராம் நின்றால் விரல்கள் பலகையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். "சும்மா கெடந்தா வெரல் துருப்புடிச்சிரும்" என்பாள். டிரம் குச்சிகளைச் சாப்பாட்டு டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பாள். ஊறுகாய் மீன் வாடை அடிக்கிறதென்று பியானோ வாசிக்கும் இல்வா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

குழுவின் பெயர் 'ஏழேகால்', ஒத்திகை தொடங்கும் நேரம். ஐந்து பேரும் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு வருஷம் முன்பு 'படிப்பு வட்டம்' என்று பதிவு செய்து, அதற்குக் கிடைக்கும் அரசு உதவியில் ஒத்திகைக்கு ஒரு நிலவறையைப் பிடித்தார்கள். இங்கே பாதி இசைக்குழுக்கள் காகிதத்தில் படிப்பு வட்டங்கள்தான். வருகைத்தாளில் 'இன்று படித்தது' என்ற இடத்தில் ரக்னா ஒவ்வொரு வாரமும் 'சத்தம்' என்று எழுதுவாள். போன கோடையில் பூங்காவில் வாசித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். உடனே வானொலியிலிருந்து அழைப்பு. ஊர் அரங்கிலிருந்து நேரடி ஒலிபரப்பு.

அங்கேதான் வந்தது வினை. சாக்ஸபோன் வாசிக்கும் டூவே ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"தப்பா எடுத்துக்காத ரக்னா. நீ வாசிக்கிறது டிராம் அட்டவணை மாதிரியே இருக்கு. கொஞ்சம் மூச்சு விட்டு வாசி. இல்லேன்னா ரேடியோவுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்."

"டிராம் லேட்டானாலும் திட்டுற, டிரம் லேட்டாகலேன்னாலும் திட்டுற. ஒன்னக் கட்டிக்கப்போற மகராசி யாரோ."

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த டிரம் முக்காலியைத் தவிர இந்த உலகத்தில் அவள் எதையும் ஆசைப்பட்டதில்லை. ஒரு மாதம் முயன்றாள். பிந்தி அடிக்க நினைத்தால் அடி முன்னைவிடக் கறாராக விழுந்தது. டூவே தலையைச் சொறிந்தானே ஒழிய வேறு ஆளைக் கூட்டி வரவில்லை.

ஒலிபரப்பு நாளன்று நல்ல மழை. பிற்பகல் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்று ஐம்பதுக்கே வந்துவிட்ட ரக்னா வழக்கம்போல் அரங்கைச் சுற்றத் தொடங்கினாள். முதல் முனையில் சாக்ஸபோன் பெட்டியோடு டூவே எதிரே வந்தான். இருவரும் பார்க்காததுபோல் நடந்தார்கள். அடுத்த முனையில் இல்வா. அதற்கடுத்து மற்ற இருவர். இரண்டாம் சுற்றில் ரக்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டூவே காலை இழுத்து இழுத்து நடந்தான், இல்வா குதித்துக் குதித்து. இரண்டு மணிக்கு ஐவரும் வாசலில் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"ஆளுக்கொரு நடை நடந்தோம். ஆனா யாரும் லேட்டில்லயே" என்றாள் ரக்னா.

"இதத்தான் ஒரு மாசமா தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்" என்றான் டூவே.

ஒலிபரப்பு நன்றாகவே தொடங்கியது. டூவேயின் தனி வாசிப்பு முடிந்தது. அடுத்து ரக்னாவின் அடி விழ வேண்டும். விழவில்லை. இல்வாவின் கைகள் பியானோவின் மேல் அப்படியே நின்றன. டூவே திரும்பிப் பார்த்தான். ரக்னா இடது கையால் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை நிதானமாக ஒதுக்கிக் காதோரம் செருகினாள். அப்புறம்தான் குச்சியை இறக்கினாள்.