ஊருணியாகிப் போன மீன்தொட்டி

தங்கை வீட்டு விசேஷத்துக்கு என் கணவர் வராததால், எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்த நேரம். எங்கள் காரைக்குடி வீட்டில் ஒரு மீன்தொட்டி உண்டு. அதிலுள்ள செடிகளுக்குத் தினமும் காலையில் இருவரும் சேர்ந்துதான் திரவ உரம் ஊற்றுவோம். கோபத்தில் அவர் அந்தப் பக்கமே போகமாட்டார் என்று நினைத்து, அவர் குளிக்கப் போனதும் நானே ஊற்றி வந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். தண்ணீர் பாசி பிடித்து ஊருணிபோலப் பச்சையாகிவிட்டது, மீன்களைக் காணோம்.

“என்னங்க, இங்குட்டு ஓடி வாங்க! மீனெல்லாம் போச்சு!”

சண்டையை மறந்து கத்திவிட்டேன். ஓடிவந்தவர் டார்ச் அடித்தார். பச்சைக்குள் ஓர் ஆரஞ்சு வால் ஆடியது.

“உசுரோடதான் இருக்கு. அளவாத்தானே உரம் ஊத்துனேன்?”

“நீங்களும் ஊத்துனீகளா?”

“நீயுமா? உனக்கிருந்த கோவத்துக்கு நீ தொட்டிப் பக்கமே வரமாட்டேன்னுல்ல நெனச்சேன்!”

சிரிப்பை இருவராலும் அடக்க முடியவில்லை. நனைய நனையப் பாதித் தண்ணீரை மாற்றினோம்.

அவர் பேசாவிட்டால் அக்கறையே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. சண்டை வரத்தான் செய்கிறது. “உரம் ஊத்தியாச்சா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.