இது எந்தக் கஸ்தூரிக்கு?

உள்ளறைக் கணினியில் ‘டிங்’ என்று மடல் வந்த சத்தம். சமையற்கட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கஸ்தூரியின் கை அப்படியே நின்றது.

“இது எந்தக் கஸ்தூரிக்குன்னு தெரியலையேக்கா!”

எதிர்வீட்டுக்காரியான எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, குளியலறைக் கண்ணாடிக்கு ஓடுவார் கஸ்தூரி. அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுப்பொட்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். பெரிய அரக்குநிறப் பொட்டு ஆபீசுக்கு. சின்னக் கறுப்புப் பொட்டு வீட்டுக்கு. எது வேண்டுமோ அதை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் கணினி முன்னால் உட்காருவார். திரை விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை அந்தக் கறுப்புத் திரையில் அவர் முகம் தெரியும். நெற்றியைப் பார்த்து, தான் இப்போது யார் என்று தெரிந்துகொள்வார்.

கேட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தவிப்பு முழுவதும் இருக்கிறது.

பாசிர் கூடாங் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கஸ்தூரிக்கு வேலை. கப்பலில் ஏறும் பாமாயிலுக்கும் பலகைக்கும் உரிய பத்திரங்களைத் தயாரித்து அனுப்ப வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் காளியப்பனுக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்ய நிறுவனம் சம்மதித்தது. ஒரே கணினி. அதிலேயே ஆபீஸ் மின்னஞ்சல், அதிலேயே வீட்டு மின்னஞ்சல்.

முதல் விபரீதம் மகள் பிரேமலாவுக்கு வரன் பார்த்தபோது நடந்தது. எந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்திருக்கிறோம் என்று பார்க்காமல், மேலே இருக்கும் மடலுக்குப் பதில் போட்டுவிடுவது கஸ்தூரியின் வழக்கம். பிரேமலாவின் ஜாதகம் சுராபாயாவில் இருக்கும் கப்பல் ஏஜெண்டுக்குப் போய்விட்டது. பண்பான மனிதர். ‘கிடைத்தது, நன்றி. சரக்கு எப்போது புறப்படும்?’ என்று எழுதியிருந்தார். குளுவாங்கில் மாப்பிள்ளையின் தாயார் ராசம்மாவுக்குப் பாமாயில் பத்திரம் போய்ச் சேர்ந்தது. அவர் போன் போட்டு, “சீர் ரொம்ப பெருசா இருக்கே சம்பந்தி, கொண்டாந்து இறக்க எங்க வீட்டுல இடமில்லையே!” என்றாராம். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் கூடிவிட்டது. பிரேமலா இன்று குளுவாங் மருமகள்.

நிறுவனத்தில் யாரும் சிரிக்கவில்லை. பிரவுசரில் இரண்டு புரொஃபைல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் கணக்குக்கு ஒன்று, சொந்தக் கணக்குக்கு ஒன்று. திறந்தவுடன் திரையில் இரண்டு வட்டங்கள் வந்து நிற்கும். இரண்டிலும் ‘கஸ்தூரி’ என்றே எழுதியிருக்கும். ஒன்று நீலம், ஒன்று பச்சை.

“நீலம் ஆபீஸா, பச்சை ஆபீஸான்னு மறந்து மறந்து போவுதுக்கா. அதுவும் ‘யாரு நீங்க’ன்னு கேக்குற மாதிரி ரெண்டும் என்னையே பாக்குது. நான் யாருன்னு அதுக்கில்ல தெரியணும்?”

கணினியிடம் அவருக்குப் பயம் கலந்த மரியாதை. தூசி படாமல் பூப்போட்ட பாத்தேக் துணி போட்டு மூடி வைப்பார். மௌசை நகர்த்தும்போது, “வாங்க, இந்தப் பக்கம் வாங்க” என்று அந்தச் சின்ன அம்பைக் கூப்பிடுவார். வராவிட்டால், “அலமாக், கோவமா?” என்பார்.

அப்புறம் பக்கத்து அறையிலிருந்து வரும் கரண்டிச் சத்தம். காளியப்பன் இடக்கையால் எவர்சில்வர் தம்ளரில் தட்டுவார். ‘டங்... டங்.’ இருந்த இடத்திலிருந்தே கஸ்தூரி “ம்” என்பார். சத்தம் அடங்கிவிடும். தண்ணீருக்கோ, வலிக்கோ தட்டுகிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

போன வாரம் இரண்டாவது விபரீதம். நெற்றியில் அரக்குப் பொட்டு சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் அன்று வட்டங்கள் வராமல், கடைசியாகத் திறந்திருந்த வீட்டு புரொஃபைல் தானாக வந்து நிற்க, அதிலிருந்தே சரக்குப் பத்திரம் போய்விட்டது. மல்லிகைப்பூ படம் போட்ட முகவரியிலிருந்து கப்பல் பத்திரம் வந்தால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்? ஏதோ மோசடி என்று பயந்து கண்டெய்னரையே நிறுத்தி வைத்துவிட்டார்.

மேனேஜரிடமிருந்து கண்டிப்பான மடல் வந்தது. கணினிப் பிரிவு லோகேஸ்வரன் வீட்டுக்கு வந்து பார்ப்பார். சரியாகச் செய்யத் தெரியவில்லை என்று அவர் சொன்னால், அடுத்த மாதத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஆபீசுக்கு வர வேண்டும்.

அவர் வருகிற நாள்தான் இன்று. துணைக்கு இருக்கச் சொல்லி கஸ்தூரி என்னையும் கூப்பிட்டிருந்தார்.

கேட் மணி அடித்ததும் கஸ்தூரிக்குக் கைகால் ஓடவில்லை. “வீட்டுக்கு வர்றாரு, ஆனா ஆபீஸ் விசயமா வர்றாரு. எந்தப் பொட்டுக்கா?” என்று கேட்டுக்கொண்டே குளியலறைக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது நெற்றியில் மேலே பெரியது, கீழே சின்னது. இரண்டுமே இருந்தன.

லோகேஸ்வரன் நாற்பதைத் தொட்டவர், முன்வழுக்கை, சிரிக்காத முகம். கொடுத்த மைலோ பானத்தைத் தொடவில்லை.

“கஸ்தூரிக்கா, பயப்படாதீங்க. ஒரே ஒரு பேப்பர். ஆபீஸ்லேருந்து என் பேருக்கு அனுப்புங்க, போதும்.”

கஸ்தூரி உட்கார்ந்தார். திரையில் முகம் தெரிந்தது. இரண்டு பொட்டையும் பார்த்துத் திகைத்துப்போனார். வட்டத்தை அழுத்தினார். மல்லிகைப்பூ படம் வந்தது. அது வீடு. மூடினார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் மல்லிகை.

“நான் எது தம்பி இதுல? சத்தியமா தெரியலையே!”

அந்த நேரம் பார்த்து, ‘டங்... டங்.’

“ம்” என்றார் கஸ்தூரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. சத்தம் நின்றது.

“அண்ணன் தண்ணி கேக்குறாரா?” என்றார் லோகேஸ்வரன்.

“தண்ணியில்ல தம்பி. நான் இருக்கேனான்னு கேக்குறாரு. ‘ம்’னா போதும் அவருக்கு. ஒருநாளு கடைக்குப் போயிட்டு வரக் கொஞ்சம் லேட்டு. தட்டித் தட்டி தம்ளரு நசுங்கியே போச்சு. ஆளப் பாத்தா அழுதுகிட்டு கெடக்குறாரு.”

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். லோகேஸ்வரன் ஆறிப்போன மைலோவை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்தார்.

“தப்பு உங்க மேல இல்லக்கா. ரெண்டு வட்டத்துலயும் ஒரே பேரு, மொகமே இல்ல. யாருக்குத்தான் கொழம்பாது? போட்டோ போடுவோம். முதல்ல ஆபீசு. அந்தச் சின்னப் பொட்ட எடுங்க.”

விறைப்பாக, பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பது போல் நின்றார் கஸ்தூரி. படம் எடுத்தாயிற்று.

“இப்ப வீடு.”

கஸ்தூரி பெரிய பொட்டை எடுத்துவிட்டுச் சின்னதை ஒட்டினார். பிறகு பக்கத்து அறைக்குள் போனார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காளியப்பனின் தலையை வாரிவிட்டு, பக்கத்தில் குனிந்து நின்றார்.

“வீடுன்னா நான் மட்டும் எப்படி தம்பி?”

வட்டத்துக்குள் இரண்டு முகமும் அடங்கவில்லை. முதலில் காளியப்பனின் ஒரு காது போய்விட்டது. “காது வேணும் தம்பி, காது வேணும்” என்று கஸ்தூரி பதற, லோகேஸ்வரன் பொறுமையாகத் தள்ளித் தள்ளி வைத்து, காதையும் உள்ளே கொண்டுவந்தார். ஒன்றில் ‘ஆபீஸ்’, ஒன்றில் ‘வீடு’ என்று பெயரையும் மாற்றினார்.

“இவரு இல்லாத வட்டம் ஆபீசு. அப்படித்தானே?” என்றார் கஸ்தூரி.

“அவ்வளவுதான் லா. திறந்தப்புறம் திரை மூலையிலயும் ஒரு தடவ பாருங்க. அண்ணன் இருந்தா பேப்பரு அனுப்பாதீங்க. இப்ப அனுப்புங்க பாப்போம்.”

அம்பு முதலில் இருவர் இருக்கும் வட்டத்துக்குத்தான் போனது. கஸ்தூரி காளியப்பனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். “வாங்க, இந்தப் பக்கம் வாங்க” என்று அம்பை மெல்லக் கூட்டிக்கொண்டு போய், தனியாக விறைத்து நிற்கும் கஸ்தூரியின் மேல் வைத்து அழுத்தினார். மூலையில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். லோகேஸ்வரனின் கைப்பேசி அதிர்ந்தது. ஆபீஸ் முகவரியிலிருந்து பத்திரம் வந்து சேர்ந்திருந்தது.

“வீட்டிலயே செய்யட்டும்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். ஆனா இன்னொரு தடவ போச்சுன்னா என்னால பேச முடியாதுக்கா” என்றபடி அவர் எழுந்து, காளியப்பனின் இடக்கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சரி தம்பி. ஆனா போட்டோவுல இவரு சிரிக்கிறாரே, அது போதுமா, இல்ல எங்க கல்யாணப் படமே போடணுமா?” என்று கேட்டுக்கொண்டே வாசல்வரை வந்தார் கஸ்தூரி. இன்னும் முழுதாகத் தெளியவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. லோகேஸ்வரன் முதல்முறையாகச் சிரித்தார். காலணியை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்.

நானும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே, ‘டங்... டங்.’

“ம்” என்றார் கஸ்தூரி.

அது அடங்குவதற்குள் கணினி, ‘டிங்’.

கதவில் கை வைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், அதற்கும் அதே குரலில் “ம்” என்றுவிட்டு, கதவைச் சாத்தினார்.