நாலு கதவு வண்டியும் வத்தல்மலை வளைவும்

மாலை நாலு மணி இருபது நிமிடம். அதுவரைக்கும் அந்த நாளில் ஒரு குறையும் இல்லை. பாலக்கோடு மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியை நான் கழுவுவதா, மழையே கழுவட்டும் என்று விடுவதா என வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மகளிடமிருந்து போன் வந்தது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தனியார் பள்ளி ஒன்றில் பல வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள். கோயிலுக்குப் போவேன், கும்பிடுவேன், அதோடு சரி. பேய், காற்று, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் பயமெல்லாம் டயர், பிரேக், மழை, மகள் போன் எடுக்காத பத்து நிமிடம் என்று இவற்றுக்கே செலவாகிவிடும், பேய்க்கு மிச்சம் இருக்காது. ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. போன வருடம் வரைக்கும் நானும் சிரித்திருப்பேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. முன்பு எங்களிடம் இருந்தது இரண்டே பேர் உட்காரும் லோடு வண்டி. கல்யாணம், காதுகுத்து என்று போனால் ஒருவர் பின்னால் சாக்கின் மேல்தான் உட்கார வேண்டும், அது எப்போதும் என் மகள் கவிதாவாகவே இருக்கும். திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தே என் கழுத்து போய்விட்டது. அதனால் அதை விற்றுவிட்டு நாலு கதவு வைத்த சின்ன பிக்கப் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் தக்காளிப் பெட்டிகளை அடுக்கலாம். கணவருக்கு முழங்கால் சரியில்லை, வண்டி ஓட்டுவது நான்தான், எனவே அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய தம்பிதான் திறந்தார்.

"அண்ணி, இது காரா, லாரியா? கல்யாணத்துக்குப் போனா லாரின்னு வெளிய நிறுத்துவாங்க. மண்டிக்குப் போனா காருன்னு வெளிய நிறுத்துவாங்க. எங்கதான் நிறுத்துவீங்க?"

"உங்க வூட்டு வாசல்லயே நிறுத்தறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்றேன்.

வண்டி வந்த அன்று பூஜை போட்டோம். முன் கண்ணாடிக்கு மேலே மாலை, பானெட்டில் சந்தனம் குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி நடந்தது. எல்லாமே முன்பக்கம்தான். எந்த வண்டிக்கும் அப்படித்தானே செய்கிறோம்.

அப்புறம் தர்மபுரியில் ஒரு கடையில் ரிவர்ஸ் சென்சார் மாட்டினேன். அதற்கும் கொழுந்தனார் சிரித்தார். "ரிவர்ஸ் பாக்கறதுக்கு ஒரு கிளீனர் போதாதுங்களா, மிஷின் எதுக்கு?" என்றார். கிளீனர் தூங்குவான், இது தூங்காது என்றேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னால் சுவரோ மரமோ ஆளோ இருந்தால் அது விட்டு விட்டுக் கத்தும். நெருங்க நெருங்க சத்தமும் நெருக்கமாகும். ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டால் இடைவெளியே இல்லாமல் ஒரே நீளக் கத்தல். பின்னால் ஒன்றும் இல்லையென்றால் சத்தமே வராது. பள்ளத்தை அது காட்டாது. பள்ளம் என்பது அதற்கு ஒன்றும் இல்லாத இடம், அவ்வளவுதான். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சரி, போன். கவிதா வத்தல்மலையில் கிராம நர்சாக இருக்கிறாள். அன்று அவள் குரல் வழக்கம் போல இல்லை.

"அம்மா, வண்டி காலியாத்தான நிக்குது?"

"நிக்குது. உனக்கு ஒண்ணுமில்லயே?"

"எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கறேன். இங்க மல்லிகான்னு ஒரு பொண்ணுக்கு வலி வந்துடுச்சும்மா. தலைப்பிள்ள. குழந்த குறுக்க கெடக்குது, இங்க வெச்சுப் பாக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். ஆம்புலன்ஸ் வேற கேசுக்குப் போயிருக்குது, வர நேரமாவுமாம். மேல ஒரு வண்டியும் இல்ல. நீ வருவியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த மலை ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குள் வந்தன. மழையும் அப்போதே பிடித்துக்கொண்டது.

கணவர் படியில் நின்றபடி, "இந்த மழையில மலைக்கா? நீயா?" என்றார்.

"பின்ன யாரு, உங்க தம்பியா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வாய்தான் அப்படிப் பேசியது. கால் கிளட்சில் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஏறியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது கியர், ஹெட்லைட், வளைவுக்கு வளைவு ஹாரன், நடுவில் முருகா முருகா. பாதிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டது, பகல் வெளிச்சம் இருந்தும் பானெட்டுக்கு அப்பால் எல்லாம் பால் கலந்த மாதிரி இருந்தது. ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. போன் செய்தேன். நீ அங்கேயே இரு, நாங்கள் தூக்கி வருகிறோம் என்றாள் கவிதா.

கயிற்றுக் கட்டிலில் மல்லிகாவைப் படுக்க வைத்து, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாலு ஆட்கள் வந்தார்கள். கூடவே என் மகள், தலை முதல் கால் வரை நனைந்து. மல்லிகாவின் புருஷன் மாது, மீசை சரியாக முளைக்காத வயசு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தான். கிளைகளுக்கு மேலாகக் கட்டிலைக் கை மாற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் என் நாலு கதவு வேலை செய்தது. பின் சீட்டின் இரண்டு கதவையும் திறந்தேன். ஒரு பக்கம் ஆட்கள் தூக்கிக் கொடுக்க, மறுபக்கம் இருந்து கவிதா அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை. பழைய லோடு வண்டியாக இருந்தால் அந்த மழையில் திறந்த தொட்டியில்தான் அவளைக் கிடத்தியிருக்க வேண்டும். மல்லிகா தலையைக் கவிதா மடியில் வைத்து, முகத்தை சீட்டின் முதுகில் அழுத்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். அடுத்த வலி வந்து அவள் கத்தியபோது, நான் கதவைச் சாத்திவிட்டு ஸ்டியரிங்குக்கு ஓடினேன்.

மாது முன்னால் என் பக்கத்தில் ஏறிக்கொண்டான். தூக்கி வந்தவர்கள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இனி வண்டியைத் திருப்ப வேண்டும். ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முன் மூக்கைப் பாறைப் பக்கம் திருப்பி, பின்னால் கொஞ்சம் போய், மறுபடி முன்னால் வர வேண்டும். கண்ணாடி முழுக்க மழை, பின்னால் வெறும் வெள்ளை.

"மாது, எட்டிப் பாருப்பா. பின்னாடி எடம் இருக்குதா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "இருக்குதுங்க. இங்க நல்லா மண்ணு ஓரம் உண்டுங்க, பஸ்ஸே ஒதுங்கும். வாங்க, வாங்க."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த மண் ஓரம் காலையில் இருந்தது. அவன் பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும். கண்ணில் மழையும் கண்ணீருமாக, எப்போதும் அங்கே இருக்கிற தரையைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரிவர்ஸ் போட்டேன். சென்சார் அமைதியாக இருந்தது. கொஞ்சம் விட்டேன். அமைதி. இன்னும் கொஞ்சம். மாது "வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்போது ஒரு பீப். அப்புறம் இன்னொன்று. சட்டென்று நெருக்கமாகி, பீப்பீப்பீப் என்று அடித்து, ஒரே நீளக் கத்தலாக ஆகிவிட்டது. யாரோ ஓடி வந்து வண்டிக்குப் பின்னால் மார்பைக் கொடுத்து நின்றது போல. தூக்கி வந்தவர்களில் ஒருவர்தான் உதவிக்கு வந்துவிட்டார், இடித்துவிட்டேனோ என்று நினைத்து பிரேக்கை முழுசாக மிதித்தேன்.

வண்டி நின்றது. கத்தல் நிற்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. வண்டி அசையாமல் நிற்க, என் கால் பிரேக்கில் இருக்க, கியர் ரிவர்சிலேயே இருக்க, அந்தச் சத்தம் மெதுவாக இடைவெளி விட ஆரம்பித்தது. பீப். பீப். அப்புறம் நிதானமாக ஒரு பீப். அப்புறம் ஒன்றுமில்லை. வந்தவர் வந்த வேலை முடிந்து நடந்து போவது போல. நம்பினால் நம்புங்கள், நான் சொல்வது இதைத்தான். நாங்கள் நகரவில்லை. அந்தப் பக்கம்தான் ஏதோ நகர்ந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டுவிட்டு, டயரைப் பார்த்து வருகிறேன் என்று இறங்கினேன். வண்டியைப் பிடித்தபடியே பின்னால் போனேன். ஆள் இல்லை. ஆள் நிற்க இடமும் இல்லை. மண் ஓரம் மொத்தமும் மழையில் சரிந்து போயிருந்தது. இடது பின் டயர் தாரின் விளிம்பில் நின்றது, பம்பர் பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் மரமில்லை, கிளையில்லை, ஒரு புல்கூட இல்லை, வெறும் பனி. கீழே எங்கோ கற்கள் உருண்டு போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. சென்சார் எதைப் பார்த்துக் கத்தியதோ, அது நின்றது அந்த வெறும் இடத்தில்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"என்னாச்சுங்க?" என்றான் மாது.

"ஒண்ணுமில்லப்பா. பெல்ட்டப் போடு."

பின்னாலிருந்து கவிதா, "அம்மா, சீக்கிரம் எடும்மா, எதுக்கு எறங்கி எறங்கி ஏறற?" என்று கத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு அப்போது மல்லிகாவின் வயிற்றைத் தவிர வேறு உலகம் இல்லை.

முன்னால் எடுத்தேன். இறங்கும்போது என் கையிலும் காலிலும் நடுக்கம் துளிகூட இல்லை, அது எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை. தர்மபுரி பெரியாஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள், மறுபடி இரண்டு பக்கக் கதவும் திறந்தன. ஆபரேஷன் முடிந்து பெண் குழந்தை என்று கவிதா வந்து சொன்னபோது, நானும் மாதுவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். தாயும் சுகம், பிள்ளையும் சுகம். டாக்டர் அம்மா வெளியே வந்து, "சரியான நேரத்துக்குக் கொண்டாந்தீங்க, வண்டி யாருது?" என்று கேட்டார். என்னுடையது என்று நான் சொன்ன மாதிரி இந்த ஜென்மத்தில் வேறெதையும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தால் கொழுந்தனார் வாசலில் நிற்கிறார். சேறு அப்பிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அண்ணி, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பாக்கலாமுங்களா?" என்றார்.

"காரா, லாரியாங்க?" என்றேன். என் கணவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

பள்ளத்து விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னால் சாவியை வாங்கி உள்ளே வைத்துவிடுவார். கவிதாவிடம் எப்படிச் சொல்வேன்? பெற்ற பிள்ளையோடு சேர்த்து வண்டியைப் பள்ளத்தில் விடப் பார்த்தேன் என்றா? ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. படித்த படிப்பு விடவில்லை. மழைத்தண்ணீரும் சேறும் பட்டால் சென்சார் தப்பாகக் கத்தும் என்று கடைக்காரர் சொன்னார். சரி என்று வாசலில் வண்டியை நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, கணவரை ஓஸ் பைப்பால் பின் பம்பரில் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். சேற்றை அப்பச் சொன்னேன். "கழுவறதா, அப்பறதா, ஏதாச்சும் ஒண்ணச் சொல்லு" என்றார். சேற்றுக்கு அது கத்தியது, உண்மைதான். ஆனால் ஒரே கத்தலாகக் கத்தியது, சேற்றைத் துடைக்கும் வரை கத்தியது. மெல்ல மெல்ல விலகிப் போகவில்லை.

கொஞ்ச நாளில் அதையும் மறக்கத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் மல்லிகாவும் மாதுவும் குழந்தையைக் காட்ட எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பை நிறைய சாமை கொண்டுவந்திருந்தார்கள். கவிதாவும் அன்று வீட்டில் இருந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று மல்லிகா குங்குமம் கேட்டாள். கொடுத்தேன். எல்லோரும் எழுந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றோம்.

அவள் பானெட்டைத் தாண்டிப் போனாள். கதவுகளையும் தாண்டிப் போனாள். வண்டியின் பின்னால் போய், இடது ஓரத்தில், அந்த டயருக்கு நேர் மேலே பலகையைக் கையால் துடைத்துக் குங்குமம் வைத்தாள். தலையிலிருந்த பூவை எடுத்து அங்கேயே செருகினாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அட, முன்னாடி வையும்மா. பொட்டு நெத்தியிலதான வெப்பாங்க?" என்றார் என் கணவர்.

மல்லிகா திரும்பி, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு முன்னாடிதான் நீங்க இருந்தீங்களே. இது பின்னாடி நின்னவங்களுக்குங்க."