விசில் வராத சோளம்

சோளத்தைப் பற்றி என்னிடம் பேசி யாரும் ஜெயிக்க முடியாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு தள்ளுவண்டி, ஒரு கரி அடுப்பு, அவ்வளவுதான் என் முதல். அதிலிருந்து மூன்று வண்டி, பிறகு ஒரு ஜூஸ் கடை, பையனுக்கு இன்ஜினியர் படிப்பு, மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடியில் சொந்த ஃப்ளாட். லிஃப்ட் உள்ள ஃப்ளாட். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். லிஃப்ட் ஓடுகிற நாளாகப் பார்த்து வரவும்.

சோளம் சுடுவதற்குக் கண் வேண்டாம், காது வேண்டும். கரிமேல் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்க ஆரம்பிக்கும்போது எடுத்துவிட வேண்டும். எலுமிச்சம்பழ மூடியை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிண்ணத்தில் அழுத்தி, காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாகத் தேய்க்க வேண்டும். மறுபடி மறுபடி தேய்த்தால் புளிப்பு முந்திக்கொள்ளும். இளங்கதிருக்கு மிளகாயே கூடாது, உப்புத்தண்ணீர் தெளித்தால் போதும். என் மருமகளுக்கு வெண்ணெயும் மிளகுத்தூளும் வேண்டும். அது வேகவைத்த சோளத்தில்தான் இறங்கும். அடையாறில் ஒரு கடையில் மயோனைஸைப் பூசி, மேலே சீஸைத் துருவிப் போட்டுத் தந்தார்கள். பையன் ஆசையாக வாங்கிக் கொடுத்தான். சோளத்தை எங்கேடா ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

வேகவைப்பதிலும் என் பக்குவம் வேறு. மேல் மட்டைகளை உரித்துவிட்டு, கதிரை ஒட்டியிருக்கிற இளம் தோலையும் நாரையும் அப்படியே விட்டுவிடுவேன். அண்டாவில் தண்ணீர், கல்லுப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள். தோலோடு வெந்தால் தித்திப்பு தண்ணீருக்குப் போகாது. பத்துப் பேர் பக்கத்தில் வண்டி போட்டும் என் வண்டியில்தான் கூட்டம் நின்றது என்றால், இதுதான் காரணம்.

ஆனால் ஒன்று. அண்டாவில் வேகவைப்பேனே தவிர, குக்கரைத் தொட்டதில்லை. வண்டி வாங்குவதற்கு முன்னால் தி.நகரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பருப்புக் குக்கரின் மூடி பிய்த்துக்கொண்டு போய் மேலே இருந்த கூரை ஷீட்டை உடைத்தது. சமையல்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. முகத்தில் மஞ்சளாகப் பருப்பு வழிய, அது தன் முகம்தானா என்பதுபோல் கையால் தடவிப் பார்த்தார். இன்றைக்கும் எந்த வீட்டில் விசில் அடித்தாலும் என் தோள் தானாக உயர்ந்து இறங்கும்.

போன ஐப்பசியில் என் மனைவிக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை போய் வருவாள், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஹாலில், சமையலறை வாசலுக்கு நேர் எதிரே நாற்காலி. அங்கிருந்து அதிகாரம் செய்ய வசதியாம். எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது. தெருக்கதவுக்குப் போவதென்றாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அப்படி ஒருநாள் மருமகள் தரமணியில் ஆபீசுக்குப் போயிருந்தாள். பையன் வேலையாக வெளியூர். நான் மார்க்கெட்டிலிருந்து நல்ல கதிராகப் பார்த்து வாங்கி வந்திருந்தேன்.

"யோவ், வேக வெச்சிக் குடேன். சுட்டது வாணாம், பல்லு தாங்காது" என்றாள்.

"அண்டா பரண்மேல கீது. எறக்கணும்."

"ரெண்டு பேருக்கு அண்டாவா? குக்கர்ல போடு, சீக்கிரம் வெந்துடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னா, குக்கர்னா பயமா உனுக்கு?"

"யாருக்குப் பயம்?" என்றேன்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னாள். இவ்வளவு தண்ணீர், கேஸ்கட்டை இப்படிப் பொருத்து, ஆவி வந்த பிறகு வெயிட்டைப் போடு. எல்லாம் சொல்லிவிட்டு, "தோல உரிச்சியா?" என்றும் கேட்டாள்.

"சோளத்துக்கு எனுக்கே க்ளாஸ் எடுக்கிறியா நீ?"

என் வழக்கப்படி இளந்தோலோடுதான் போட்டிருந்தேன். மூடினேன். ஆவி வந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு வெயிட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகச் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டேன்.

முதலில் வெயிட் புஸ்புஸ் என்றது. லேசாக ஆடியது. பிறகு திடீரென்று அடங்கிவிட்டது.

காத்திருந்தேன். அடுப்பு எரிகிறது, நீலமாக, முழுசாக. ஆனால் குக்கரில் மூச்சே இல்லை. வெயிட்டைச் சுற்றி ஒரு பொட்டு ஆவி இல்லை. கரி அடுப்பில் சத்தம் அடங்கினால் சோளம் பதமாகிவிட்டது என்று அர்த்தம். ஆயுசு முழுக்க அந்த அடக்கத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இங்கே அடங்கினால் என்ன அர்த்தம்?

"யோவ், விசிலு வர்லியே?"

"வரும்."

"தண்ணி ஊத்துன இல்ல?"

"ஊத்துனேன்."

"தோல உரிச்சியா, இல்லியா?"

நான் கையில் சுற்றிய துணியை அவிழ்க்க ஆரம்பித்தேன். அவளுக்கு அது போதும்.

"போச்சு போ! தோலு மேல போயி ஓட்டைய அடச்சிக்கினு கீது. அடுப்ப அணைய்யா மொதல்ல!"

அப்போதுதான் குக்கர் முனக ஆரம்பித்தது. விசில் இல்லை, மூடிக்குள்ளே யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஒரு ஓசை. அதற்கு மேலே சுவரில் இருந்த கரண்டி ஸ்டாண்டு லேசாக அதிர்ந்தது. கால் எனக்கு நகரவில்லை. தணலைக் கையால் எடுத்துப் போட்டவன் நான், கடற்கரையில் கத்தியோடு வந்தவனை அடுப்புத் தட்டாலேயே துரத்தியவன். அந்தக் கால் நகரவில்லை.

மனைவி மருமகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

"மாமா, கிட்டயே போகாதீங்க! வெயிட்டத் தொடாதீங்க. சிலிண்டர்ல ரெகுலேட்டர மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. சேஃப்டி வால்வு இருக்கு, அது பாத்துக்கும்."

"இன்னா வால்வும்மா? அத மாத்தி எந்தக் காலம் ஆச்சோ" என்றாள் மனைவி.

சிலிண்டர் அடுப்பு மேடைக்கு நேர் கீழே இருக்கிறது. கிட்டே போகாமல் அதை எப்படி மூடுவது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பின்னால் வாக்கர் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். என் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நீ அங்கியே நில்லு. நான் போயி அணைக்கிறேன்."

வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்தாள். ஒரு அடி. மறுபடி தூக்கினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். மெஸ் சமையல்காரர் முகத்தைத் தடவிப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. இவளால் ஓட முடியாது. குனியக்கூட முடியாது. எது வந்தாலும் நின்ற இடத்தில் நின்று வாங்கிக்கொள்ளத்தான் முடியும்.

பூஜை அலமாரியிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு. அடுப்பு மேடை கிரானைட் கல். அதற்கு அடியில் போய்விட்டால் தலை தப்பும் என்று எனக்குத் தோன்றியது. படித்த மூளைக்கு அது தோன்றியிருக்குமா, தெரியாது. முனகல் தலைக்குமேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் துழாவினேன். உருளைக்கிழங்குக் கூடை. விளக்குமாறு. அப்புறம் ரெகுலேட்டர். திருகினேன். மேலே நெருப்பு பொக்கென்று அணைந்தது.

முனகல் நிற்கவில்லை. நான் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

"யோவ், உயிரோட கீறியா?"

"கீறேன்."

"அப்போ வெளிய வா."

"கொஞ்சம் ஆறட்டும்."

"நீ ஆறதுக்கா, அது ஆறதுக்கா?"

குரல் பக்கத்தில் கேட்டது. எட்டிப் பார்த்தால், வாக்கரோடு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். பாத்ரூமைத் தவிர வேறெங்கும் போகாதவள். "அங்க நிக்காதடி!" என்று நான் போட்ட கத்தல் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். எப்படி எழுந்தேனோ தெரியாது. தாம்பாளத்தை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அவள் வாக்கரோடு பின்னால் நகர, நான் குக்கரைப் பார்த்தபடி அவளோடு நகர, இரண்டு பேரும் ஹாலின் கடைசி மூலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"தாம்பாளத்த எறக்கு. மூக்குல இடிக்குது" என்றாள். இறக்கவில்லை.

குக்கர் வெடிக்கவில்லை. முனகல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. நின்ற பிறகும் மருமகள் வரும்வரை நான் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. அவள் வந்து, ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்சம் பொறுத்து, வெயிட்டை எடுத்து, மூடியைத் திறந்தாள். உள்பக்கம் ஓட்டையின் மேல் வெந்த சோளத்தோல், தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் உரித்து எனக்கு நேராகக் காட்டினாள்.

"மாமா, இது எந்தப் பக்குவம்?"

"அண்டாப் பக்குவம்" என்றேன். "குக்கருக்குத்தான் அது தெரியல."

சோளம் குழைந்து போயிருந்தது. மருமகள் வெண்ணெயைப் போட்டு மிளகுத்தூள் தூவி நின்றபடியே தின்றாள். மனைவிக்கு நான் எலுமிச்சம்பழ மூடியில் உப்பும் மிளகாயும் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரே இழுப்பு வரவில்லை. இரண்டு மூன்று தடவை தேய்த்துவிட்டேன். "புளிப்பா கீது" என்றாள். முழுக்கதிரையும் தின்றாள்.

இப்போது அவள் வாக்கர் இல்லாமல் நடக்கிறாள். ஆனாலும் மருமகள் குக்கர் வைக்கிற நேரத்தில் என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலுக்கும் என் மனைவிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். முதல் விசில் வரும்வரை நான் பேசுவதில்லை. பின்னாலிருந்து அவள் என் முதுகில் கையால் தட்டுவாள்.

"யோவ், டி.வி. மறைக்குது. நகரு."

நான் நகர்வதில்லை.