அட்மிரலின் மனைவி வந்து சேர்ந்த கதை

துறைமுகத்தில் இழுவைப் படகில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கிற வேலை. அது முடிந்ததும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பழைய ஹாலிவுட் படங்களில் வரும் தளபதிகளைக் கரை சேர்க்க ஆரம்பித்தேன். நிஜத்தில் வாழ்ந்த ராணுவத் தலைவர்களின் வாழ்க்கையைச் சொல்லுகிற படங்கள்தான் என் குறி. அவை பிடிக்கும் என்பதைவிட, அவற்றில் பிழை கண்டுபிடிக்கப் பிடிக்கும் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பாலைவனத்தில் எதிரியின் டாங்கிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்துவேன். "இந்த டாங்கி சண்டை முடிஞ்சப்புறம் செஞ்சது. இவங்க டாங்கிக்கே பெயிண்ட் அடிச்சு எதிரி டாங்கின்னு ஓட்டுதான் சினிமாக்காரன்" என்பேன். ஜெனரல் தன் படையைப் பார்த்து முதல் காட்சியில் பேசும்போதே, பத்து வருஷம் கழித்துக் கிடைக்கப்போகும் மெடல்களெல்லாம் நெஞ்சில் தொங்கும். அதற்கும் ஒரு நிறுத்தம். இரண்டு மணி நேரப் படம் எங்கள் வீட்டில் சாயங்காலம் வரை ஓடும். என் மனைவி முதல் படத்தோடு அடுக்களைக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

என்னைப் பொறுத்துக்கொண்ட ஒரே ஆள் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வருவார். அவர் மனைவி இறந்தபிறகு அந்த மத்தியானத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளும் கிடையாது. இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடாது என்பதால் நான்தான் வசனத்தைத் தமிழில் சொல்லுவேன். கப்பல்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வந்த இங்கிலீஷ் என்னுடையது. கெட்ட வார்த்தைகளை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்ப்பேன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "படத்த ஓட விடும்வே. ரெண்டு மணி நேரம் நல்லா இருக்கணும்னுதானே வாரேன். உண்மைதான் வேணும்னா கடையிலேயே இருந்திருப்பம்லா" என்றார். நான் சிரித்துவிட்டு மறுபடியும் நிறுத்தினேன்.

அவருடைய உண்மை எனக்கும் தெரியும். அவர் வெற்றிலை வாங்க ஆத்தூருக்குப் போயிருந்த ஒரு காலையில் அவர் மனைவி கடைக்குள்ளேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். நானும் என் மனைவியும்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணாச்சி பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வெற்றிலைக் கட்டைக் கையில் பிடித்தபடியே, "என்னமும் சொன்னாளா?" என்று கேட்டார். நான்தான் துல்லியமான ஆளாயிற்றே. "இல்ல அண்ணாச்சி, நினைவே திரும்பல" என்றேன்.

போன ஆடியில் ஒரு அட்மிரல் படம் போட்டேன். பாய்மரக் கப்பல்கள், பீரங்கிகள், நிறையப் புகை. கடல் என்றால் என் சொந்த வீடு மாதிரி, விடுவேனா? சண்டையின் உச்சத்தில் அட்மிரல் 'ஸ்டார்போர்டு' என்று கத்துகிறார். அதாவது வலது பக்கம். சுக்கான் பிடிப்பவன் சக்கரத்தை இடது பக்கம் சுற்றுகிறான். கப்பலும் கூச்சமில்லாமல் இடது பக்கமே திரும்புகிறது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். "என் சர்வீஸ்ல இப்படித் திருப்பியிருந்தா நிலக்கரிக் கப்பல கொண்டு கரையில ஏத்தியிருப்பேன் அண்ணாச்சி!" அவர் பாவம், கப்பல் எந்தப் பக்கம் போனால் என்ன என்கிற முகத்தோடு முறுக்கைக் கடித்தார்.

அந்தச் சூட்டோடு கடைசிக் காட்சிக்கு வந்தோம். காயம்பட்ட அட்மிரல் கரையில் ஒரு வீட்டில் சாகக் கிடக்கிறார். கொட்டுகிற மழையில் மனைவி குதிரைவண்டியில் வந்து இறங்குகிறாள். ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அண்ணாச்சி முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். "என்னவே சொல்லுதா?" என்றார்.

"வந்துட்டேன்னு சொல்லுதா. ஆனா இது சுத்தப் பொய் அண்ணாச்சி. சரித்திரத்துல அந்தம்மா வாரதுக்குள்ள ஆளு போயாச்சு. சினிமாக்காரன் சும்மா கொண்டு சேர்த்திருக்கான்."

அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "கடையில எலி மருந்து வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

கப்பல் காட்சியை அத்தனை தரம் ஓட்டியதில் கோபம் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். "செத்துக்கிட்டு இருக்கிறவரு கையை அவர் பொண்டாட்டி வந்து பிடிச்சிருக்கா. அது பொய்னு யாருகிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க? உங்களுக்கு மூளை இருக்கா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு ஒரு வாரம் கடை இருக்கும் பக்கமே போகாமல் சுற்றுவழியாகப் போய்ப் பால் வாங்கினேன்.

இதற்கு நடுவே பழைய கேப்டன் ஒருவரிடம் போனில் அந்தச் சுக்கான் பிழையைப் பற்றிப் பெருமையடிக்கப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் உத்தரவு சுக்கானை இயக்கும் கைப்பிடிக்குத்தானாம், கப்பலுக்கு இல்லையாம். கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் கப்பல் இடது பக்கம் போகும். அதனால் 'ஸ்டார்போர்டு' என்றால் கப்பல் இடது பக்கம் திரும்புவதுதான் சரி. காலமெல்லாம் சுக்கான் பிடித்தவன், சுக்கான் விஷயத்திலேயே மண்ணைக் கவ்வினேன். டாங்கியைக் கோட்டைவிட்ட சினிமாக்காரன் என் தொழிலில் என்னைத் தோற்கடித்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாதவனுக்கு இந்த அவமானம் வசதியாகப் போயிற்று. கப்பல் திரும்பியது சரிதான் என்று சொல்லுகிற சாக்கில் அண்ணாச்சியைப் பார்த்துவிடலாம் என்று கடைக்குப் போனேன்.

கடைக்குள் ஸ்டூலில் வயதான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி மனைவியின் அக்கா, சாத்தான்குளத்துக்காரர். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்ததால் தங்கையின் சாவுக்கு வர முடியாதவர். இப்போதுதான் ஊன்றுகோலோடு வந்திருக்கிறார். அண்ணாச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் வந்து சேர்ந்துட்டேன் மதினி. பக்கத்துலதான் இருந்தேன். என் கையப் பிடிச்சுக்கிட்டேதான் போனா."

திரும்பியவர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாவும் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதா இவரு சொன்னது உங்களைத்தானா தம்பி? கடைசியில என் தங்கச்சி என்னமும் சொன்னாளா?"

அண்ணாச்சி தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆத்தூர், பஸ், நினைவு திரும்பாதது எல்லாம் வரிசையாக என் நாக்குக்கு வந்து நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக அவற்றை விழுங்கினேன்.

"சொன்னாங்க அக்கா. அண்ணாச்சியப் பார்த்து, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாங்க."

"அப்படித்தான் கேப்பா. அவ அப்படித்தான் கேப்பா" என்று அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்சம் ஆறியதும் முகம் கழுவ உள்ளே போனார்.

அண்ணாச்சி அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். நான் கப்பலைப் பற்றிப் பேச வந்ததையே மறந்து நின்றேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அதுக்கு நான் என்னவே சொன்னேன்?"

"சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்க அண்ணாச்சி."